பின்சக்கரத்தில் இரண்டு பல்

ரேஸ் ஓட்டுகிறவனுக்கு வயதாகத் தொடங்கிவிட்டது என்பது அவனுக்குத் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அவனுடைய மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டாம், வண்டியே காட்டிக்கொடுக்கும். டயரின் இரண்டு ஓரத்திலும் ரோட்டைத் தொடாத ரப்பர் ஒரு விரற்கடை மிஞ்சும். போன வருஷம் அது நூலளவுதான் இருந்திருக்கும். பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் சொரசொரப்பு போய்ப் பளபளப்பு ஏறியிருக்கும். கடைசி நொடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய பிரேக்கை ஆள் முன்கூட்டியே மெல்லப் பிடித்து இழுத்துக்கொண்டே வருகிறான் என்று அர்த்தம். இந்த இரண்டையும் பார்த்த மறுவாரம் அவனே வந்து, "அண்ணே, பின்னால ரெண்டு பல் கூட்டிப் போடுங்க" என்பான்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடினால் வண்டிக்கு இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். டூ-ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றில் உயிரே கிடையாது. போர்ட்டை ராவி, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, வயிறு பெருத்த சைலன்சரை மாட்டிவிட்டால் மேல்சுற்றில் மட்டும்தான் அதற்குப் பலம். வளைவுக்குள் வேகமாக நுழைகிறவன் அந்தச் சுற்றை விடாமல் வெளியே வந்துவிடுவான். தயங்கி நுழைகிறவன் வெளியே வரும்போது எஞ்சின் கம்மிப்போய் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிக்கட்டத்தான் பல் கூட்டச் சொல்வது. கூட்டினதும் வளைவிலிருந்து வண்டி பாயும், ஆளுக்குச் சந்தோஷம். நேர்ப்பாதையில் பார்த்தால் மற்றவன் சர்ரென்று தாண்டிப் போவான். பிட்டுக்குத் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "எஞ்சின்ல பவர் இல்லண்ணே" என்பான். பவரெல்லாம் வைத்த இடத்தில் அப்படியேதான் இருக்கும்.

நான் ரேஸ் ஓட்டினவன் இல்லை. ஓட்டினவர்களுக்கு ஸ்பேனர் பிடித்தவன். ஆழ்வார்திருநகரியில் சைக்கிள் கடையில் ஆரம்பித்து, பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் தொழில் படித்து, மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய இரும்புக்கு நடுவே வயிறு வளர்த்து, கடைசியில் ரேஸ் வண்டிக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தேன். இப்போது திரும்பவும் சொந்த ஊரில், திருச்செந்தூர் ரோட்டு ஓரமாகப் பட்டறை. வருகிற வண்டியில் பாதி, வாழைத்தார் சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல். வைகாசியில் ஒன்பது கருட சேவைக்குக் கூட்டம் வரும் நாளில் பஞ்சர் ஒட்டவே பொழுது சரியாக இருக்கும்.

பந்தயம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. இந்த ரோட்டில் ஒரு காலத்தில் தனியார் பஸ்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஃபார்முலா ஒன் பெரிய விஷயமாகத் தெரியாது. அதற்கும் முந்தியது மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போய்வர இத்தனை மைல் என்று எல்கை குறித்து, தார் ரோட்டிலேயே ஓடும். நடுவே 2014இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிறகு மறுபடியும் ஓடுகிறது. எங்கள் பெரியப்பா இரண்டு ஜோடி பந்தய மாடு வைத்திருந்தார். அவருடைய மாடு தோற்றுப்போனால் சாரதியைத் திட்டமாட்டார், மாட்டையும் திட்டமாட்டார். மறுநாள் காலையில் தொழுவத்தில் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். மூச்சு எப்போது அடங்குகிறது, நேற்று வைத்த பருத்திக்கொட்டையைத் தின்றிருக்கிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். இரண்டு பந்தயத்தில் அப்படிப் பார்த்துவிட்டு, "போதும், இனி இது உழவுக்கு" என்று சொல்லிவிடுவார். மாட்டுக்கு ஓய்வு கொடுக்க ஒரு பெரியப்பா இருந்தார். ரைடருக்கு யார் இருக்கிறார்கள்? ஸ்பான்சர் சொல்லமாட்டான், கூட்டம் சொல்லாது, வீட்டில் சொன்னால் காதில் ஏறாது. மிஞ்சுகிறவன் மெக்கானிக். அவன் சொன்னால் அவனுக்குச் சோறு போகும்.

எண்பதுகளின் பிற்பாதியில் நான் முதலில் பார்த்த களம் சோழவரம். செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கக் கட்டிய கான்கிரீட் ஓடுதளம். அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஐம்பதுகளிலிருந்து பந்தயம் நடத்திவந்தது. பிப்ரவரி வெயில், வைக்கோல் கட்டு, மரத்தின் மேலெல்லாம் ஆள். நான் போவதற்குச் சில வருஷங்களுக்கு முன் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து அங்கே ஓட்டியிருக்கிறார். கார்க்காரர்கள் பணக்காரர்கள், கூடாரம், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் அவர்கள் பக்கம். பைக்காரர்கள் நாங்கள் வேன் நிழலில் சாக்கு விரித்துப் படுத்திருப்போம். ரேசிங் ஆயில் எரிகிற விளக்கெண்ணெய் வாடை சட்டையில் ஏறிவிட்டால் நாலு சலவைக்கும் போகாது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் குலதெய்வம். டிவிஎஸ் கம்பெனி 1982லேயே ரேஸ் டீம் வைத்துவிட்டது. ஊர்ப் பட்டறையில் வண்டி கட்டுகிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு கம்பெனி டீமில் சேர்ந்துவிட வேண்டும் என்பதே கனவு. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டரில் முறையான தடம் திறந்ததும் சோழவரத்துக் காலம் முடிந்தது.

என் ரைடர் பாளையங்கோட்டைக்காரர். என்னை விட மூன்று நாலு வயது இளையவர், ஆனாலும் ஒருவரையொருவர் 'நீரு, வாரும்' என்றுதான் பேசிக்கொள்வோம். அவருக்கு எதிரி என்று ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். வேறு இருபது பேர் கூட ஓடுவார்கள். அவர்கள் கணக்கிலேயே கிடையாது. பிராக்டிஸ் முடிந்து வந்தால் எங்கள் ஆள் தன்னுடைய டைமைக் கேட்கமாட்டார். "அவரு என்ன போட்டிருக்காரு?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பக்கத்திலும் அப்படியே நடந்தது என்று பிறகு தெரிந்தது.

எங்களுக்குள் நடந்த களவாணித்தனத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கார்புரேட்டரைத் திறந்தால் மேலே சாக்கைப் போட்டு மூடிக்கொள்வேன், என்ன ஜெட் போடுகிறேன் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. பிளக்கைக் கழற்றினால் நிறத்தைப் பார்த்துவிட்டு உடனே பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். பிளக்கின் நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ-ஸ்ட்ரோக் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இடது கையில் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது அதற்காகத்தான். பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்; அதற்குள் கிளட்சை இழுத்துவிட வேண்டும். அந்த இரண்டு விரலில்தான் ஆளின் உயிர் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்குப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த மாற்றுப் பிஸ்டனை முந்தின வாரமே தீர்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரரின் மெக்கானிக் பேப்பரில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "எங்க ஆளு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. உங்க ஆளு ஓடாம இவரு ஜெயிச்சா ஊர்ல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்களாம்." பிரித்துப் பார்த்தேன். பாயிண்ட் ஐம்பது ஓவர்சைஸ். எங்கள் சிலிண்டரை அந்த அளவுக்குத்தான் போர் பண்ணியிருந்தோம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது: எங்கள் போர் சைஸ் இவர்களுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி முழுவதும் அந்தப் பிஸ்டனை மாட்டிக்கொண்டே அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ரேஸில் அதே ஆள் கடைசி வளைவில் எங்கள் ஆளை உள்பக்கம் நெருக்கி வெளியே தள்ளிவிட்டு ஜெயித்தார். நாங்கள் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். அவர் கொடுத்த பிஸ்டனில் ஓடிக்கொண்டு அவர் மேலேயே புகார்! அது தள்ளுபடியானது. மறுவாரம் பதிலுக்கு ஒரு பிஸ்டன் வாங்கி அனுப்பினேன்.

எதிரி என்றால் பகை என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்கும்போது பகையும் உண்டுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். உலகம் முழுக்கச் சேர்த்து இரண்டு டஜன் இடம்தான் இருக்கிற ஃபார்முலா ஒன்னில் ஒரே மாநிலத்து ஆட்கள் இருவர். நரேன் 2005இல் ஜோர்டன் டீமில் நுழைந்தார். அந்த வருஷம் அமெரிக்காவில் டயர்த் தகராறில் மிஷலின் டயர்க்காரர்கள் எல்லாரும் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய ரேஸில் நாலாவதாக வந்தார். ஆறு கார்தானே என்று கேலி பேசுகிறவர்களைக் கேட்கிறேன்: மூன்றாவதாக வந்தவர் அதே டீமில் அதே காரில் ஓடிய மான்டீரோ. அன்றைக்கு நரேனின் ரேஸ் அவரோடுதான். 2010இல் ஹெச்ஆர்டி டீமில் கருண். 2011இல் அதே டீமில் நரேன். அந்த அக்டோபரில் டெல்லி பக்கம் புத் தடத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, நரேன் ஓட்டினார். லோட்டஸ் டீமிலிருந்த கருணுக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டும்தான் கிடைத்தது. சொந்த நாட்டில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் இல்லாமல் நிற்பது என்ன வலி என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு அவர் 2012இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடினார், அதற்கப்புறம் டிவி வர்ணனையில் பெயர் எடுத்தார். நரேன் ஜப்பானுக்குப் போய் வருஷக்கணக்காக ஓட்டி, 2019 நவம்பரில் 42 வயதில் ஃபுஜி தடத்தில் ஜப்பான் கார்களும் ஜெர்மன் கார்களும் கலந்து ஓடிய பந்தயத்தில் ஜெயித்தார். பிறகு கோயம்புத்தூரில் பழைய டூ-வீலர் வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டினவரும் நானும் ஒரே சரக்கில்தான் வந்து சேர்ந்தோம்.

கோயம்புத்தூரை விட்டு நகருமுன் கரிவரதனைச் சொல்லாமல் போக முடியாது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை இங்கேயே கட்டி, கார் பந்தயத்தைக் கொஞ்சமாவது சாமானியன் கைக்கு எட்ட வைத்தவர். 1995இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்துத் தடத்துக்கு அவர் பெயர்தான். எப்போது ஓய்வு பெறுவது என்ற கேள்வியே சிலருக்கு வருவதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் திடீரென்று நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பம்ப்செட் பவுண்டரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு சீசன் முடிந்தது, அடுத்த சீசனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வருஷம் கோப்பை மேல் கோப்பை. பாளையங்கோட்டையில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டினார்கள். என் கையில் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. ஒவ்வொரு லேப் டைமையும் அதில் எழுதுவேன். கோப்பை வாங்கின ரேஸ்களின் டைமை முந்தின வருஷத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு லேப்புக்கு ஒரு செகண்டுக்கு மேல் கூடியிருந்தது. இரண்டாவதாக வந்த காலத்தில் ஓடின வேகத்தை விட, முதலாவதாக வந்த காலத்தில் மெதுவாக ஓடியிருக்கிறார். "அவரு என்ன போட்டிருக்காரு?" என்று கேட்க ஆள் இல்லை. தன் டைமை மட்டும் கேட்டார்; நான் சொன்னதும், "ஜெயிச்சாச்சுல்லா" என்பார்.

டயர் ஓரத்தில் ரப்பர் மிஞ்சத் தொடங்கியது அந்த வருஷம்தான். அடுத்த சீசனில் இரண்டு பல் கூட்டச் சொன்னார். அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று. அதற்குள் சின்னப் பையன்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். எஞ்சினில் பவர் இல்லை என்ற பாட்டு ஆரம்பித்தது. நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. பழைய ஸ்ப்ராக்கெட்டுகள் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் எனக்கில்லை. மூன்று சீசன் ஸ்ப்ராக்கெட்டையும் பெட்ரோலில் கழுவி, மேசையில் வருஷ வரிசையில் வைத்தேன். வந்தார், பார்த்தார். புரியாத ஆள் இல்லை. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உம்ம கை போர்ட்டுல தப்பிட்டு. அத மறைக்கதுக்குப் பல்ல எண்ணுதீராக்கும்" என்றார்.

"பல்லு கூட்டச் சொன்னது யாரு?" என்றேன்.

அடுத்த சீசனுக்கு வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்.

எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் இது எழுதாத சட்டம். ரொம்பப் பின்னால், 2013 நவம்பரில் மோட்டோ ஜிபி பைக் ரைடர் வாலென்டினோ ரோஸி தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜெஸை மாற்றினார் என்று படித்தபோது அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. ஆஸ்திரேலியாக்காரர் பர்ஜெஸ், ரோஸிக்கு முன்னால் டூஹன் என்ற ரைடரோடு இருந்தவர், ரோஸியோடு பதினாலு சீசன். ரோஸி ஒன்பது முறை உலகச் சாம்பியன். ஆனால் கடைசிப் பட்டம் 2009இல் வாங்கியது. இளையவர்கள் தாண்டுகிறார்கள், காரணம் தெரியவில்லை, மெக்கானிக்கை மாற்றிப் பார்க்கிறார். எங்கள் பாளையங்கோட்டைக்காரர் செய்ததுதான் இதுவும் என்று பட்டறையில் இருந்தவர்களிடம் அடித்துச் சொன்னேன். ரோஸி என் வாயை அடைத்துவிட்டார். 2014இல் உலகில் இரண்டாவது. 2015இல் ஐந்தே புள்ளியில் பட்டத்தை லொரென்ஸோவிடம் விட்டார். கடைசி வெற்றி 2017இல் ஆஸன் தடத்தில். 2021 முடிவில், 42 வயதில்தான் நிறுத்தினார். மெக்கானிக்கை மாற்றினது அவருக்குப் பலித்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருடைய எதிரிகளில் ஒருவரான கேஸி ஸ்டோனர், இரண்டு பட்டம் வாங்கிவிட்டு 2012 முடிவில் 27 வயதில் போய்விட்டார். பிறந்த குழந்தை வீட்டில், இந்த உலகமே அலுத்துவிட்டது என்று. பேப்பரில் எழுதுகிறவர்கள் ஸ்டோனரைப் புகழ்வார்கள்: உச்சத்தில் இருக்கும்போதே விலகினார் பாருங்கள் என்று. இது பார்வையாளர் பேசுகிற பேச்சு. உச்சத்தில் விலகினால் பார்க்கிறவனுக்கு ஞாபகம் அழகாக இருக்கும், அதனால் ஓட்டுகிறவனுக்கு என்ன லாபம்? ரோஸி பட்டம் ஜெயிக்காமல் ஓட்டிய அந்த வருஷங்களில்தான் இத்தாலியப் பையன்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தார். அதில் வளர்ந்த பன்யாயா 2022இல் உலகச் சாம்பியன். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு முதல்முறை மோட்டோ ஜிபி வந்தபோது புத் தடத்தில் ஜெயித்த பெத்ஸெக்கி, அப்போது ரோஸியின் சொந்த டீம் ஆள். ஜெயிக்காமல் ஓட்டுவது தப்பே இல்லை என்பது என் கட்சி. தான் மெதுவாகிவிட்டோம் என்று தெரிந்து ஓட்டுகிறவனிடம் வண்டியைத் தைரியமாகக் கொடுக்கலாம். மாறவில்லை என்று தனக்கே சத்தியம் பண்ணிக்கொண்டு ஓட்டுகிறவனுக்குச் செயினை மாட்டும்போதுதான் கை நடுங்கும்.

வயது மட்டும் கணக்கில்லை. 2023 ஜனவரி 8, இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயத்தில் கே.இ. குமார் இறந்தார். 59 வயது, பல காலம் ஓட்டிப் பழகினவர், எல்லாருக்கும் வேண்டியவர். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு காரோடு மோதித் தடத்தை விட்டுப் போய்க் கவிழ்ந்தது அவர் கார். இருபது வயதுக்காரன் உள்ளே இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஏழு மாதம் கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 5 அன்று அதே தடத்தில் பைக் பந்தயத்தில் பெங்களூருப் பையன் ஒருவன் போனான். அவனுக்கு 13 வயது. அப்போது "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நான் நிறுத்தின கதை சின்னது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது. அடுத்து ஃபோர்-ஸ்ட்ரோக், அப்புறம் இன்ஜெக்‌ஷன், லேப்டாப்பைச் சொருகி எஞ்சினைச் சரிபண்ணுகிற பையன்கள். அதனால் விலகினேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன், அது உண்மையில்லை. லேப்டாப்பை நானும் கற்றுக்கொண்டேன், ஒன்றும் பிரம்ம வித்தையில்லை. ஒரு ஐப்பசி மாதம் இருங்காட்டுக்கோட்டையில் விடாமல் மழை. தடத்தில் தண்ணீர் நிற்கிறது, ரேஸ் தள்ளிவைப்பு என்று அறிவித்தார்கள். பிட் முழுக்க முகம் தொங்கிப்போய்க் கிடக்கிறது. பையன்கள் கையுறையைத் தரையில் அடிக்கிறார்கள். என் மனசுக்குள் மட்டும் 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம், விடிந்தால் வீட்டில் இட்லி. அந்த நிம்மதியை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நாளைக்கு ரேஸ் இல்லை என்றதும் மெக்கானிக் சந்தோஷப்படுகிறான் என்றால், அவன் நட்டு முடுக்குகிற முடுக்கில் அது தெரியாமல் போகாது. கிளட்சில் இரண்டு விரல் வைத்திருக்கிற பையன் என் முடுக்கை நம்பித்தானே வைத்திருக்கிறான். அந்த சீசனோடு ஊருக்கு வந்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான ஜனம் தண்ணீருக்கு நடுவே கிடந்தது. என் பட்டறையில் கூரையின் ஓட்டுக்கம்பு வரை வண்டல் கறை. தண்ணீர் வடிந்ததும் வரிசையாக வண்டி வரத் தொடங்கியது. வெள்ளம் குடித்த வண்டியைக் கிக்கர் அடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கிற தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றிக் கவிழ்க்கணும். ஆயிலைத் திறந்தால் பால் விட்ட டீ மாதிரி வரும். இரண்டு மூன்று முறை புது ஆயில் விட்டுக் கழுவினால்தான் நிறம் திரும்பும். அரிசி வாங்கக் காசில்லாத ஜனத்திடம் ஆயிலுக்குக் காசு எப்படிக் கேட்பது?

ரோடு திறந்த மூன்றாம் நாள் பாளையங்கோட்டைக்காரர் வந்து இறங்கினார், ஒரு வேனில் ஆயில் டின்னோடு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி எதிரே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஒரு போட்டி தானாகவே வந்துவிட்டது: யார் எத்தனை கார்புரேட்டரைக் கழுவி மாட்டுகிறார்கள் என்று. அவர் வேகமாகக் கழற்றுவார், மாட்டும்போது ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டுத் தேடுவார். ரைடர் புத்தி. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெட்டை ஊதிக்கொண்டே சொன்னார்:

"நீரு இல்லாத அந்த சீசன்ல, புது மெக்கானிக்குக்கிட்டயும் ரெண்டு பல் கூட்டச் சொன்னேன் வே."

"கூட்டினானா?"

"கூட்டினான். ஒரு கேள்வி கேக்கல. 'சரி சார்'னு சொல்லி மாட்டிட்டுப் போயிட்டான். எனக்குப் பயமாயிட்டு. அந்த ரேஸோட விட்டுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாட்டின கார்புரேட்டரில் மிதவை தலைகீழாக இருந்தது, அதைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரரோடு பேசுவதுண்டா என்று கேட்டேன். மாதம் ஒரு முறை போனாம். போனை எடுத்ததும் அவர் இப்போதும் முதலில் சொல்வது, அந்தக் கடைசி வளைவில் தான் நெருக்கவே இல்லை என்பதுதானாம்.

போன மாசம் எங்கள் தெருப் பையன் ஒருத்தன், அப்பாவின் பழைய ஆர்எக்ஸ் 100ஐத் தள்ளிக்கொண்டு வந்தான். மண் தடத்தில் ஓடுகிற டர்ட் ரேஸுக்குக் கட்டித் தரணுமாம். ரோட்டில் ஓட்டினால் சாவியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிடுவேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நல்ல ஹெல்மெட்டுக்கும் முதுகுக் காப்புக்கும் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு வா, அப்புறம் எஞ்சினைத் தொடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினான்.

"எலே, இதுவரைக்கும் எத்தனை ரேஸ் ஓடியிருக்கே?"

"ரெண்டு, அண்ணாச்சி. ரெண்டுலயும் ரெண்டாவது."

"முதலாவது வந்தவன் யாரு?"

"நாசரேத்துக்காரன் ஒருத்தன். ரெண்டுலயும் அவந்தான். அவன் வண்டி உங்ககிட்டதான் வருதாமே அண்ணாச்சி?"

வருகிறதுதான். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் வண்டிக்குப் பின்னால் எத்தனை பல் என்று கேட்டான் இவன். அதைச் சொல்லமாட்டேன் என்றேன். "அப்ப எனக்கு ரெண்டு பல்லு கூட்டிப் போடுங்க" என்றான். ஏன் கூட்டணும் என்று கேட்டேன். வாயைத் திறந்தான், மூடினான். பதிலை யோசித்துக்கொண்டு வா, வியாழக்கிழமை தவிர எந்தக் கிழமையும் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.